மாடி வீட்டுச் சாயிப்பு

நாவலில் திரிபுரசுந்தரி மூன்றாவது அத்தியாயத்திலேயே செத்துப்போகிறாள். கதாநாயகனுக்குக் காப்பி கொண்டுவந்து வைக்கிறாள். மாடியில் என்னவோ சத்தம் கேட்கிறதே என்று பார்க்கப் போகிறாள். கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறாள். அதற்கப்புறம் புத்தகம் முடியும்வரை கதாநாயகன் அவளை ஒரே ஒரு தடவை நினைத்துக்கொள்கிறான். அதுவும் ஹோட்டல் காப்பி வாயில் வைக்க விளங்காத இடத்தில்.

சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் படித்த திரிபுரசுந்தரி உயிரோடு இருந்தாள். முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. நாவலை எழுதியவர் அவள் கணவர் அனந்தநாராயணன். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேசுகிற குடும்பம்தான், ஆனால் மூன்று தலைமுறையாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் இருப்பதால் எழுதுவது, படிப்பதெல்லாம் மலையாளம். நாவலும் மலையாளத்தில்தான். பெயர், ‘மட்டாஞ்சேரியிலெ கழுகன்’. அட்டையில் ஒரு கழுகு, அதன் காலில் ஒரு வீடு. அவர்கள் வீடுதான். மொட்டைமாடியில் உலர்த்தியிருந்த அவளுடைய புடவை உட்பட அப்படியே அச்சாகியிருந்தது.

“ஏன்னா, என்னைக் கொன்னுட்டேளே?” என்று கேட்டாள்.

“அது நீ இல்லை, கேட்டியா. கதாபாத்திரமாக்கும்.”

“பேரு என்னோடதுன்னா இருக்கு?”

“ஒரு ரியலிசம் வேண்டாமா?”

“அப்போ கதாநாயகன் பேரு மட்டும் எதுக்கு ஆதித்யவர்மான்னு இருக்கு?”

அனந்தநாராயணன் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

திரிபுரசுந்தரிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எதிரில் ஒரு ஆள் வேண்டும். அவரை அப்படி ஓர் ஆளாக மதிப்பதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். அவளுக்கு இருந்ததெல்லாம் இளக்காரம். அதை உப்பு மாதிரி தினமும் அளவாகப் போட்டுத்தான் இத்தனை வருஷக் குடித்தனம் நடந்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று மகள் ஸ்நேஹா ஒருமுறை பெங்களூரிலிருந்து போனில் கேட்டபோது, “விட்டுட்டுப் போற அளவுக்கு அவர் ஒண்ணும் பெரிய ஆளில்லைடி” என்று சொன்னாள்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடத்திவிட்டவள். மனிதர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வதில் முக்கால்வாசி சொல்லவே வேண்டாதது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டாள். அனந்தநாராயணன் வேறு தினுசு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டு நோட்டுக்கு நடுவிலிருந்து ஒரு கள்ள நோட்டைக் கண்டுபிடித்துவிட்டார். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த ஒரு தட்டில் மனுஷன் கெட்டார். அன்றிலிருந்து உலகத்தில் யாரைப் பார்த்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டிய நோட்டாகவே தோன்றியது.

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி மாடிக்குக் குடிவந்து சேர்ந்தார் எமில் சாயிப்பு.

எமில் நோவாக் என்று பெயர். வெள்ளைக்காரர் என்பதால் ஊருக்குச் சாயிப்பு. செக்கோஸ்லோவாக்கியாக்காரர். மிளகு, சுக்கு ஏற்றுமதி செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சரக்கு பார்த்து எடுக்க இளவயதில் கொச்சிக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். கல்யாணம் இல்லை. அறுபது வயதில் வேலை முடிந்ததும் யூதத் தெருவான ஜூ டவுனுக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று தேடி, இவர்கள் மாடியைப் பிடித்தார். மலையாளமும் தமிழும் கலந்து ஒரு பாஷை பேசுவார். வருஷம் பூராவும், மே மாதப் புழுக்கத்திலும், முழுக்கைச் சட்டைதான். ஜூ டவுனில் ஜெர்மன்காரச் சுற்றுலாப் பயணிகள் வழி கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வார், சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிடுவார். சாயங்காலம் யூதர் கும்பிடுகிற யூதப் பள்ளியில் பிரார்த்தனை நடக்கும்போது எதிரே சுக்குக் கிட்டங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்பார். உள்ளே மட்டும் போகமாட்டார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அவர் முன்வாசல் வழியாக வருவதே கிடையாது. குடிவந்த அன்றைக்கு நேராகத்தான் வந்தார். நிலைப்படியில் கணபதி ஹோமத்துக்குக் குங்குமத்தால் போட்டிருந்த ஸ்வஸ்திகத்தைப் பார்த்ததும் பெட்டியோடு நின்றுவிட்டார். திரிபுரசுந்தரிக்குச் சட்டென்று புரிந்தது. ஹிட்லர் கொடியில் அதே சின்னத்தைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறாள்.

“இது வேற, சாயிப்பு. சாமிக்குப் போடறதாக்கும்” என்றாள்.

“தெரியும், மாமி. உங்களோடது ரொம்பப் பழசு. நல்லது. எனக்குத் தெரியும்” என்றவர் தலைகுனிந்து தன் காலைப் பார்த்தார். “காலுக்குத் தெரியல்ல.”

கிணற்றடி வழியாகச் சுற்றிப் பின்பக்கத்துப் படியில் ஏறினார். அப்புறம் எப்போதும் அப்படித்தான்.

அனந்தநாராயணன் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். முழுக்கைச் சட்டை. ஜெர்மன். யூதப் பள்ளிக்குள் நுழையப் பயம். முன்வாசலுக்கு வராத கள்ளத்தனம். ஒருநாள் காலையில் சாயிப்பு கிணற்றடியில் குளிப்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். இடது கையில் நீலமாக ஏதோ பச்சை குத்தியிருந்தது. அவ்வளவுதான், அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஹிட்லருடைய தனிப்படைக்காரர்கள் இடது கையில், கக்கத்துக்குக் கீழே, ரத்த வகையைப் பச்சை குத்தியிருப்பார்கள் என்று அவர் எங்கேயோ படித்திருந்தார். லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்ற ஒரு நாஜி, யூதத் தெருவுக்குப் பக்கத்திலேயே, தன் வீட்டு மாடியில் ஒளிந்திருக்கிறான்! அதைக் கண்டுபிடித்தது யார்?

பச்சை குத்தியிருந்தது முன்கையில். எழுத்து ஒன்று, மிச்சமெல்லாம் எண்கள். கதவைத் திறந்துகொண்டு கிணறுவரை நடந்திருந்தால் தெரிந்திருக்கும். பெரிய துப்பறிவாளர்களுக்குக் கிணறுவரை நடக்க நேரம் ஏது.

திரிபுரசுந்தரி அந்த எண்ணைப் பார்த்தது வேறு சந்தர்ப்பத்தில். ஒரு மழைக்காலத்தில் சாயிப்புக்கு எலிக்காய்ச்சல் கண்டது. அனந்தநாராயணன் மாற்றலாகிக் கண்ணூரில் இருந்த சமயம். இரண்டு நாளாகப் பின்படியில் காலடிச் சத்தம் இல்லையே என்று மேலே போனாள். மனுஷர் கட்டிலில் அனலாகக் கிடந்தார். டாக்டருக்கு ஆளனுப்பிவிட்டு, துணியை நனைத்து உடம்பைத் துடைக்கச் சட்டைக் கையைச் சுருட்டினாள். நீல எண்கள் வரிசையாக இருந்தன. எக்ஸ்சேஞ்ச்காரிக்கு வேறென்ன தோன்றும்?

“இது எந்த ஊர் நம்பர், சாயிப்பு?”

காய்ச்சலோடு அவர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அந்த ஊருக்கு லைன் இல்ல, மாமி.”

ஜுரம் இறங்கிய பிறகு, கஞ்சி குடித்துக்கொண்டே அவராகவே சொன்னார். பதினாறு வயது. ப்ராகிலிருந்து ரயிலில் ஏற்றிக்கொண்டுபோனார்கள். இறங்கிய இடத்தில் அம்மாவையும் தங்கையையும் ஒரு வரிசையில் விட்டார்கள். அவரை இன்னொரு வரிசையில் விட்டார்கள். அந்த வரிசை நகர்ந்துபோனது, இந்த வரிசைக்கு எண் குத்தினார்கள். சொன்னது அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சில் மணிக்கணக்காக அழுது பேசுகிறவர்களைக் கேட்டவளுக்கு, இந்த மனிதர் இத்தனை பெரிய விஷயத்தை இத்தனை கொஞ்சமாகச் சொன்னதில் மரியாதை வந்தது. அவள் யாருக்கும் லேசில் கொடுக்காத சாமான் அது.

“நோவாக்குங்கறது நெஜப் பேரா?”

“யுத்தம் முடிஞ்சு மாத்தினேன். பழைய பேரு சொல்லி விளிக்க ஒராளும் பாக்கி இல்ல.”

“பள்ளிக்குள்ள போறதில்லையே?”

“உள்ளே போனா அவரோட சண்டை போடணும்” என்று விரலால் மேலே காட்டினார். “எனக்கு வயசாயி. தெருவில நின்னு பாட்டு கேட்டாப் போதும்.”

கண்ணூரிலிருந்து வந்த கணவரிடம் திரிபுரசுந்தரி எல்லாவற்றையும் சொன்னாள். அனந்தநாராயணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் புன்னகைத்தார். 

“அவனுங்க பண்ற தந்திரமாக்கும் அது. தப்பிக்கறதுக்காகக் கைதி நம்பரைத் தாங்களே குத்திக்கறது. நீ ஒரு பாவம், நம்பிட்டே.”

“அம்மா, தங்கையெல்லாம் செத்துட்டான்னு சொல்றாரே?”

“சொல்லமாட்டானா பின்னே?”

“ஷரி, நான் ஒண்ணு கேக்கறேன். எது இருந்தா அவர் நாஜி இல்லைன்னு நீங்க நம்புவேள்?”

அனந்தநாராயணன் நிஜமாகவே யோசித்தார். “அப்படி ஒண்ணு இருந்தா, அதுதான் பெரிய சந்தேகத்துக்கு இடமாக்கும்” என்றார்.

அன்றைக்குத்தான் அவரோடு வாதம் பண்ணுவதை அவள் நிறுத்தினாள். சுவரில் பல்லி இருந்தால் அதனோடு வாதம் பண்ணுவோமா?

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி, கடைசியில் அந்தப் பெருமாளை ஊர்வலமும் விட்டார் அனந்தநாராயணன். உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. ‘யூதத் தெருவருகே ஒளிந்திருக்கும் நாஜி?’ கடைசியில் இருந்த கேள்விக்குறிதான் அவர்களுடைய நேர்மை. சாயிப்பின் முகத்தைப் புகைப்படத்தில் மறைத்திருந்தார்கள். வீட்டை மறைக்கவில்லை.

வாசலில் கூட்டம் கூடியது. இந்த நாட்டைத் திருத்த ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வரவேண்டும் என்று சாயாக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள்தான் முதலில் வந்து நின்றார்கள். இப்போது நாஜியை வெளியே அனுப்பு என்று கத்தினார்கள். ஒருவன் மாடி ஜன்னலுக்குக் கல் எறிந்தான். இன்னொருவன் யூதர் பக்கம் நின்று பேசுவதாக நினைத்துக்கொண்டு எதையோ முழங்கினான், அவனுக்கே விளங்கவில்லை. திரிபுரசுந்தரி வாசலைப் பெருக்குகிற சாக்கில் விளக்குமாறோடு வந்து, குப்பையோடு சேர்த்துக் கூட்டத்தின் காலையும் பெருக்கிவிட்டாள்.

பிறகு போலீஸ் வந்தது. மரியாதையாகத்தான் வந்தார்கள். விசாவும் பாஸ்போர்ட்டும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பூட்ஸ் காலோடு மூன்று பேர் மரப்படியில் ஏறினார்கள். பின்னாலேயே போன திரிபுரசுந்தரி அதைப் பார்த்தாள். கதவு தட்டுவதற்கு முன்னாலேயே சாயிப்பு அறை நடுவில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். இன்ஸ்பெக்டர் ரொம்பத் தணிவாக, “பேர் எந்தா, சாயிப்பே?” என்று கேட்டார்.

சாயிப்பு பெயரைச் சொல்லவில்லை. உரத்த குரலில், ஒரு பையனின் குரலில், ஜெர்மன் மொழியில் எண்களைச் சொன்னார். ஒவ்வொன்றாக, வரிசையாக, திரும்பத் திரும்ப. அறுபத்தேழு வயது மனிதரின் பேண்ட் நனைந்து தரையில் சொட்டியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் திரிபுரசுந்தரியைப் பார்த்தார்.

கீழே கிணற்றடியிலிருந்து அனந்தநாராயணனின் குரல் கேட்டது. “கேட்டேளா? ஜெர்மன்! நான் சொல்லலை?”

காகிதமெல்லாம் சரியாக இருந்தது என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. பத்திரிகை அதைப் போடவில்லை. அடுத்த மாதம் எமில் சாயிப்பு களமசேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். திரிபுரசுந்தரி தனக்கு ஓய்வு கிடைக்கிற நாட்களில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அங்கே அவர் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்திருப்பார். மற்ற கிழவர்களுக்கு அந்த எண்ணைப் பற்றி அக்கறை இல்லை. ஒருவர் லாட்டரிச் சீட்டு வாங்கும்போது சாயிப்பு கையிலிருந்த கடைசி இரண்டு இலக்கத்தைத் தேடுவாராம். சாயிப்பு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “மாமி, அவருக்கு ஒரு தடவை அடிச்சு!”

அவர் இறந்தபோது என்ன மதம் என்று சிஸ்டர்கள் கேட்டார்கள். திரிபுரசுந்தரி சொன்னாள். எறணாகுளத்திலிருந்து வயதான யூதர்கள் சிலர் வந்து, தங்கள் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அவள் சற்றுத் தள்ளி மழையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

அனந்தநாராயணன் இதை நம்பவில்லை. சாவும் ஒரு நாடகம் என்றார். மற்ற நாஜிகளைப் போலத் தென்னமெரிக்காவுக்குத் தப்பியிருப்பான் என்று தேசப்படம் வாங்கிவந்து சுவரில் மாட்டினார். ஒற்றை பஸ் தூரத்தில் மண்ணுக்குள் கிடந்தவரை இருபத்தைந்து வருஷம் அர்ஜென்டினாவில் தேடிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தேடல் ஒரு சரித்திரத் துப்பறியும் நாவலாக உருக்கொண்டது. அதில் கழுகன் என்கிற நாஜியைத் துரத்திக்கொண்டு ஆதித்யவர்மா மொட்டைமாடியிலிருந்து மொட்டைமாடிக்குத் தாவுகிறான். அனந்தநாராயணன் மூன்றாவது படியில் ஏறினால் மூச்சுவாங்குவார்.

வெளியீட்டு விழா ரமேஷ்பாபுவின் கடையில் நடந்தது. ஜூ டவுனில் பழம்பொருள் விற்கிற ரமேஷ்பாபு, தென்காசியிலிருந்து வந்தவரின் மகன். போன வாரம் செய்த கதவை இருநூறு வருஷத்துக் கதவென்று விற்க அவரை விட்டால் ஆளில்லை. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயாத்தூளில் கழுவி, ஒரு பொருளை முதுமையாக்குவது அவருக்குக் கைவந்த கலை. நாவலும் அவர் சரக்குக்குப் பொருத்தமாக இருந்தது.

முதல் பிரதியை வாங்கிக்கொள்ள எழுத்தாளரின் மனைவியை மேடைக்கு அழைத்தார்கள். திரிபுரசுந்தரி போனாள். பிரதியை வாங்கிக்கொண்டாள். மைக்கை யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். பேசுவது அவளுக்குப் புதிதல்ல.

“இந்தப் புஸ்தகத்தில என்னைக் கொன்னிருக்கார். அது போகட்டும். எங்க மாடியில குடியிருந்தவர் நாஜி இல்லை. அவர் ஒரு யூதர். பதினாறு வயசுல முகாமுக்குப் போனவர். அவர் கையில இருந்த நம்பரை நான் பாத்திருக்கேன். அவரோட அம்மாவையும் தங்கையையும் இவர் இதுல எழுதியிருக்கிற அந்த ஆட்கள்தான் கொன்னா. போலீஸ் வந்தப்போ அவர் பயத்தில மூத்திரம் போனார். எங்க ஆத்துக்காரர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். நெஜம் இதுதானாக்கும்.”

 கடைக்குள் கைத்தட்டல் எழுந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எந்தொரு ட்விஸ்ட்!” என்றாள். அனந்தநாராயணன் மைக்கை வாங்கி, “கதையின் முடிவை என் வொய்ஃப் இப்போதே சொல்லிவிட்டாளோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம், இன்னும் இருக்கிறது” என்றார். சிரிப்பு வெடித்தது. கையெழுத்துக்கு வரிசை நின்றது.

ரமேஷ்பாபு ஓடிவந்தார். “மாமி, பொளிச்சுட்டீங்க! நம்ம எழுத்தாளர் சாமிகூட இப்படிப் பேசமாட்டார். அடுத்த விழாவுக்கும் இதையே அப்படியே சொல்லிடுங்க.”

உண்மையை மூடி மறைப்பவர்களை அவளுக்குத் தெரியும். உண்மையைக் காதில் வாங்கிக்கொண்டு கைத்தட்டுகிறவர்களை அன்றுதான் பார்த்தாள். ஊரின் மேல் அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மதிப்பும் அன்றோடு போயிற்று.

சில வாரத்தில் ரமேஷ்பாபுவின் கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு வட்ட மூக்குக்கண்ணாடி உட்கார்ந்தது. கழுகனின் கண்ணாடி என்று கீழே அட்டை. கேள்விப்பட்டுத் திரிபுரசுந்தரி நேராகப் போனாள்.

“ரமேஷ்பாபு, சாயிப்பு கண்ணாடியே போட்டதில்லை.”

“அதெப்படி மாமி? அந்த வயசுல கண்ணாடி இல்லாமயா?”

“மிளகைக் கண்ணுக்கிட்ட கொண்டுபோகாம தரம் சொல்வார். எடு அதை.”

“மாமி, வாறவங்க கேக்கிறாங்க. நான் வேற என்னத்த வைக்க? அவரு சாமான் ஏதாவது உங்ககிட்ட இருந்தா குடுங்களேன்.”

அவள் பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். மூக்கில் மாட்டிப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரின் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. “எனக்குச் சரியா இருக்கு” என்று சொல்லி, அதைப் போட்டுக்கொண்டே தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.  அந்தக் கண்ணாடியில்தான் இப்போதும் பேப்பர் படிக்கிறாள்.

இப்போது வழிகாட்டிகள் வீட்டு வாசலுக்கே ஆட்களைக் கூட்டிவருகிறார்கள். கப்பலில் வந்து இறங்குகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள். முன்னறையில் அனந்தநாராயணன் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார். கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து திரிபுரசுந்தரி நடந்ததைச் சொல்கிறாள். மலையாளம், தமிழ், எக்ஸ்சேஞ்ச் இங்கிலீஷ், எது தேவையோ அதில். முக்கால்வாசிப் பேர் பாதியிலேயே போனை உயர்த்தி வீட்டோடு தங்களைப் படமெடுத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை ஒரு ஜெர்மன்காரி அழுதுகொண்டே அவளைக் கட்டிப்பிடிக்க வந்தாள். திரிபுரசுந்தரி கையால் தடுத்துவிட்டாள். “அழறதுன்னா உங்க ஊர்ல போய் அழு. முதல்ல முழுசாக் கேளு” என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. ஆனால் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

போன மாதம் களமசேரி காம்பஸில் சரித்திரம் படிக்கிற ஸுப்ரியா என்ற பெண் தனியாக வந்தாள். நாவலைப் பாதி படித்திருந்தாள்.

“மாமி, இதுல எது உண்மை?”

“மீதியையும் படி. ஒண்ணும் அறியாதவன் எத்தனை பக்கம் எழுதலாம்ங்கறது தெரியும்.”

பெண் சிரிக்கவில்லை, குறிப்பும் எடுக்கவில்லை. “அவரோட தங்கச்சி பேரு தெரியுமா?” என்று கேட்டாள்.

கைதட்டினவர்கள், கண்ணீர் விட்டவர்கள், யாரும் கேட்காத கேள்வி. திரிபுரசுந்தரி அவளைக் கேட்டுக்கு உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

“ஹானா. பன்னெண்டு வயசு. அம்மா பேரு மார்த்தா. சாயிப்பு எனக்குக் களமசேரியில வெச்சுச் சொன்னதாக்கும்.”

ஸுப்ரியா வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தாள். சாயிப்பு புதைக்கப்பட்ட இடத்துக்கு இருவரும் ஒருமுறை போய்விட்டு வந்தார்கள். கல்லில் நோவாக் என்றுதான் இருந்தது. அம்மா, தங்கை பெயரையும் கீழே வெட்டிவைக்க யாரிடம் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அனந்தநாராயணன் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் மனைவியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“யாராக்கும் அந்தப் பொண்ணு? எதுக்கு இத்தனை விஷயம் கேக்கறா? பேரு நெஜந்தானா? நீ விசாரிச்சியா?”

திரிபுரசுந்தரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். எழுபத்தைந்து வயதிலும் அந்தக் கண்ணில் பழைய பளபளப்பு வந்திருந்தது. 

அடுத்த தடவை ஸுப்ரியா கேட்டைத் திறந்தபோது அவர் முன்னறை ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டிருந்தார். திரைக்குக் கீழே அவருடைய இரண்டு காலும் நன்றாகத் தெரிந்தன. திரிபுரசுந்தரி உள்ளே போய், அவர் நிற்கும்போதே திரையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.